கும்பிடுபூச்சி பொரிக்கும் வீடு

வீட்டுக்குள் உட்கார்ந்தபடி பார்க்கக்கூடிய வேடிக்கைகளில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு பொரிகிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். டிக்கெட் வேண்டாம், கரண்ட் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கண்ணாடி ஜாடி ஒன்று, கொசுவலைத் துண்டு ஒன்று, ஒரு ரப்பர் பேண்ட். இவற்றை வைத்துக்கொண்டு பார்த்தது போல நான் எந்தத் தியேட்டரிலும் எதையும் பார்த்ததில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு கூட்டைப் பொரிக்கவிட்டுப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம்.

மதுரையில் எங்கள் மாடித்தோட்டம் ஒன்றும் பெரிதில்லை. கறிவேப்பிலை, செம்பருத்தி, மாதுளை, பந்தலில் அவரை. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, செடிகளைக் கழித்துவிடுகிற சமயத்தில் கூடுகள் கண்ணில் படத் தொடங்கும். குச்சியைக் கவ்விப் பிடித்தபடி பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். கையில் எடுத்தால் கனமே தெரியாது, நகத்தால் அழுத்தினாலோ அசையாது. துணி காயப்போடும் நைலான் கயிற்றில்கூடப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு துணி கிளிப்பிலேயே இருந்தது. அந்த கிளிப்பை இன்றுவரை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டு வைத்திருக்கிறேன். பலர் இதைச் செடிக்கு வந்த நோய்க்கட்டி என்று நினைத்து ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. அந்தக் கட்டிக்குள் நூறு உயிர் இருக்கும், சில சமயம் அதற்கும் மேல்!

அந்தக் கூட்டைத் தாய்ப்பூச்சி கட்டுகிற விதத்தைப் பார்த்தால் இன்னும் கிறங்கிப் போவீர்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வயிற்றின் நுனியை இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்து, உடம்பிலிருந்து சுரக்கிற பசைநீரைக் காற்றோடு அடித்து நுரையாக்குகிறாள். நுரை ஓர் அடுக்கு, முட்டைகள் ஒரு வரிசை, மறுபடி நுரை. சில மணி நேர வேலை. தான் கட்டுவதை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாலோரத்து உணர்கொம்புகளால் தடவிப் பார்த்தே அறைகள், வரிசைகள், குஞ்சுகள் வெளியே வருவதற்கான வாசல்கள் எல்லாம் அளவாக வந்துவிடுகின்றன. முதலில் வெள்ளையாக இருக்கும் நுரை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் பழுப்பாகிறது. வெயில், மழை, தூசி எதுவும் உள்ளே போகாது. தெற்கு பிரான்ஸில் செரின்யான் என்ற கிராமத்தில் இருந்துகொண்டு பூச்சிகளையே பார்த்துப் பார்த்து எழுதிய ழான் ஆன்ரி ஃபாப்ர், இந்த நுரை வேலையைப் பொறுமையாக வர்ணித்திருக்கிறார். வேலை முடிந்ததும் தாய் கூட்டைச் சட்டை செய்யாமல் போய்விடுவதையும் சொல்லியிருக்கிறார். எங்கள் மாடியிலும் அதேதான். போகிறாள், அவ்வளவுதான்.

உலகத்தில் 2,400க்கும் மேற்பட்ட கும்பிடுபூச்சி இனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் பாணியில் கூடு கட்டுகிறது: ஒன்று உருண்டை, ஒன்று நீளப் பட்டை, ஒன்று மரப்பட்டையோடு அப்பிக்கிடக்கும் தட்டை. எங்களுக்கு அதிகம் கிடைப்பது ஹீரோடூலா என்ற பச்சைப் பெரியவர்களின் உருண்டைக் கூடு. வெளிநாடுகளில் பூச்சி வளர்ப்பவர்கள் 'இந்திய ராட்சதக் கும்பிடுபூச்சி' என்று பெயர் சொல்லிக் காசு கொடுத்து வாங்குவது இந்தக் குடும்பத்தைத்தான். நமக்கு அது கறிவேப்பிலைச் செடியிலேயே தொங்குகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது.

கூட்டைச் சுரண்டி எடுக்கவே கூடாது. குச்சியோடு வெட்டி எடுங்கள். செடியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ ஜாடிக்குள்ளும் அப்படியே இருக்கட்டும். குஞ்சுகள் கீழ்நோக்கித் தொங்கித்தான் பிறக்கும், அதற்குக் கூட்டின் அடியில் நாலு விரற்கடையாவது இடம் வேண்டும். மூடி போடாமல் கொசுவலை கட்டுங்கள். வலைக்கண் நெருக்கமாக இருக்கட்டும், குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, பெரிய கண் வழியாக நழுவிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் ஸ்ப்ரேயரால் ஜாடியின் பக்கவாட்டில் லேசாகத் தண்ணீர். கூடு சொட்டச் சொட்ட நனைந்தால் பூசணம் பிடிக்கும். நேர் வெயிலில் வைக்கக் கூடாது. கடைசியாக எறும்பு. சித்தெறும்புக்கு வாசனை தெரிந்துவிட்டால் பிறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும், ஒன்றைக்கூட விடாது. பிறந்த குஞ்சுகளை எறும்புகள் கொள்ளையடித்ததை ஃபாப்ரும் எழுதியிருக்கிறார். ஜாடியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்துவிட்டால் நிம்மதி.

அப்புறம் காத்திருப்பு. குளிர் நாடுகளில் கூடு பனிக்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில்தான் பொரியும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தோடு மரமாகக் கூடும் வீட்டுக்குள் வந்து, அறைக் கதகதப்பில் ஏமாந்து டிசம்பரிலேயே பொரிந்து, வரவேற்பறை முழுக்கக் குஞ்சுகள் ஊர்ந்த கதைகள் உண்டு. நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தத் தூக்கமெல்லாம் தேவையில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம். கூடு எப்போது கட்டப்பட்டது என்று தெரியாததால் நாளைக்கே பொரியலாம், அடுத்த மாதமும் பொரியலாம். காபி போடப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை.

"சமையக்கட்டுப் பக்கம் ஒண்ணு வந்துச்சுன்னாலும் நான் பொறுப்பில்ல, பாத்துக்க" என்று என் மாமியார் எச்சரித்திருந்தார்.

சில கூடுகளிலிருந்து கும்பிடுபூச்சி வராது. பக்கச்சுவரில் ஊசியால் குத்தியது போன்ற வட்ட ஓட்டைகள், ஜாடிக்குள் சில மில்லிமீட்டர் நீளத்தில் மினுமினுக்கும் பச்சைக் குளவிகள். போடக்ரியான் என்று பெயர். உடம்பைவிட நீளமான முட்டையிடும் ஊசியை நுரைக்குள் இறக்கித் தன் முட்டையைக் கும்பிடுபூச்சி முட்டைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கும். இன்னொரு வகைக் குளவி செய்கிற தில்லுமுல்லு இதையும் மிஞ்சியது. ஐரோப்பாவில் மாண்டிபாரியா என்ற பொடிக் குளவி, பெண் கும்பிடுபூச்சியின் மேலேயே ஏறி உட்கார்ந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு, அவள் எப்போது முட்டையிடுவாள் என்று சவாரி செய்துகொண்டே காத்திருக்குமாம்! நுரை ஈரமாக இருக்கும்போதே இறங்கித் தன் வேலையை முடித்துக்கொள்ளும். குளவி வந்துவிட்டதே என்று கூட்டைத் தூக்கி எறியாதீர்கள். எல்லா அறையையும் அதனால் எட்ட முடியாது; தப்பித்த முட்டைகள் பொரியக்கூடும். பச்சைக் குளவியையும் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னங்கால் தொடை தடித்து, விளிம்பில் பல் வரிசையோடு, அதுவும் ஓர் அழகிதான்.

இனி பொரிகிற காலை.

பெரும்பாலும் காலையில்தான், வெயில் ஏறத் தொடங்கும்போது. கூட்டின் நடுக்கோட்டில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு கறுப்புப் பொட்டுகள். கண்கள்! இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, அதற்குள் கண் தெரிகிறது. அப்புறம் புள்ளிகள் நீளத் தொடங்குகின்றன. இடியாப்ப அச்சை அழுத்தியதும் எல்லாத் துளையிலிருந்தும் ஒரே நேரத்தில் இழை இறங்குமே, அப்படி இறங்குகிறார்கள், நெளிந்து நெளிந்து. யாருக்கும் கையில்லை, காலில்லை, கொம்பில்லை. உண்மையில் எல்லாம் இருக்கின்றன. மெல்லிய உறை ஒன்றுக்குள் உடம்போடு ஒட்டி மடிந்திருக்கின்றன. கூட்டின் வாசல்கள் அவ்வளவு இடுக்கு. காலை நீட்டிக்கொண்டு வந்தால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும்.

வெளியே வந்ததும் விழுந்துவிடுவதில்லை. வயிற்று நுனியிலிருந்து கூடு வரை ஒரு நூல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அதில் தொங்குகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக, பத்து, இருபது, ஐம்பது, கொத்துக் கொத்தாக. தொங்கியபடியே தலைப்பக்கம் வீங்குகிறது. உடம்பின் நீரையெல்லாம் தலைக்கு ஏற்றி உறையை உள்ளிருந்து பிளக்கிறது அது. முதுகில் கீறல் விழுகிறது. ஒரு கால் வருகிறது. இன்னொரு கால். உணர்கொம்பு உருவிக்கொண்டு வரும்போது வளைந்து, வளைந்து, சட்டென்று நிமிர்கிறது. கடைசியாக முன்னிரண்டு கைகள், ஏற்கெனவே மடக்கியபடி! பிறந்த நிமிடத்திலேயே கும்பிடுகிறது! உரித்துப்போட்ட உறையைப் பிடித்துக்கொண்டு, கீழே தொங்கும் அண்ணன் தம்பி முதுகில் கால் வைத்து ஏறி, குச்சிக்கு வந்து, ஒரு கணம் நின்று தலையைத் திருப்பிப் பார்க்கிறது. பூச்சிகளில் இப்படித் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. விரலை அசைத்தேன். ஜாடிக்குள் இருந்த அத்தனை தலையும் விரலோடு திரும்பியது. நான் கூச்சல் போட்டுவிட்டேன்.

கூச்சல் கேட்டு ஓடிவந்த மாமியார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஆத்தாடி! இம்புட்டும் அந்த ஒத்தக் கட்டிக்குள்ளயா கெடந்துச்சு?" அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இட்லி மாவு அப்படியே கிடந்தது. தெருவில் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் போன் போட்டு வரவழைத்தார். வந்தவர்களுக்கு ஜாடியைக் காட்டி விளக்கம் சொன்னதும் அவர்தான், நான் ஓரமாக நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு கூட்டைப் பாருங்கள், பார்ப்பதற்கு எதுவுமே நடக்காத மாதிரி அப்படியே இருக்கும். உடைசல் இல்லை. அடியில் காய்ந்த உறைகள் சின்னக் கொத்தாகத் தொங்குவதுதான் ஒரே அடையாளம். தோட்டத்தில் கிடைக்கும் கூட்டில் அந்தக் கொத்து இருந்தால் அது பொரிந்து முடிந்தது, எடுத்து வராதீர்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் குஞ்சுகளுக்குப் பசி பெரிதாக இருக்காது. ஜாடிச் சுவரில் துளித்துளியாகத் தண்ணீர் தெளித்தால் வந்து குடிக்கும். அந்தத் துளியில் வாய் வைத்து நிற்பதை லென்ஸில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அப்புறம் இரை. கனிந்து கறுத்த வாழைப்பழம் ஒன்றை பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு சொருகி வைத்தால் பழ ஈக்கள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈக்கள் மந்தமாகிவிடும், ஜாடிக்குள் தட்டிவிடலாம். அதைவிடச் சுலபம், அவரைக் கொழுந்தில் அப்பியிருக்கும் கறுப்பு அசுவினி. கொழுந்தைக் கிள்ளி ஜாடியில் போடுங்கள். தோட்டத்துக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் சோறு. குஞ்சு முதலில் உடம்பை இடமும் வலமும் ஆட்டும், காற்றில் ஆடும் இலை என்று இரை நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்புறம் கை நீள்வது கண்ணுக்குத் தெரியாது. அசுவினி இருந்தது, இப்போது அது கைகளுக்கு நடுவே இருக்கிறது.

இரை குறைந்தால் அடுத்தவர்களைத் தின்னத் தொடங்கிவிடுவார்கள். இரை நிறைய இருந்தாலும் தின்பார்கள். ஆகையால் மூன்று நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சாயங்காலம் தோட்டத்தில் விட்டுவிடுவதுதான் முறை, ஒரு செடிக்கு ஒருவர் என்ற கணக்கில். பல்லி, சிலந்தி, தவிட்டுக்குருவி எல்லாம் தாண்டி அவர்களில் பெரியவர்களாவது ஒரு கை விரல்களுக்குள்தான் அடங்கும். நூறு முட்டை எதற்கு என்பது அப்போது புரிந்துவிடும். வேப்பெண்ணெய் தெளித்த செடியில் மட்டும் விடாதீர்கள். கும்பிடுபூச்சி இருந்தால் பூச்சிமருந்தே வேண்டாம் என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். இவர்களுக்கு நல்ல பூச்சி கெட்ட பூச்சி தெரியாது, தேனீயையும் பட்டாம்பூச்சியையும் அதே ருசியோடுதான் சாப்பிடுவார்கள். பெரிய இனங்கள் சிறு பறவைகளைப் பிடித்த 147 சம்பவங்களை 2017இல் ஒரு ஆய்வுக் கட்டுரை தொகுத்தது. அமெரிக்காவில் தேன்சிட்டுக்குப் பதில் இருக்கிற ரீங்காரச் சிட்டுகள்தான் அதிகம் மாட்டியவை.

அமெரிக்காவில் கடைகளிலேயே கூடு கிடைக்கிறது, தோட்டத்துக்கு வாங்கிப் போகிறார்கள். பெரும்பாலும் அது சீனத்து இனம். 1896 வாக்கில் பிலடெல்பியா பக்கம் வந்திறங்கியது. 1899இல் ரோச்செஸ்டர் ஊரில் ஐரோப்பிய இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வந்தேறியைத்தான் கனெக்டிகட் மாநிலம் 1977இல் தன் மாநிலப் பூச்சியாக அறிவித்து உட்கார வைத்திருக்கிறது! நமக்கு அந்த வம்பு வேண்டாம். வெளியூர்க் கூட்டைக் கூரியரில் வரவழைக்காமல், நம் செடியில் கிடைத்ததை நம் செடியிலேயே விட்டால் போதும்.

வைத்துக்கொண்ட மூவரும் வளர வளர வேடிக்கை வேறு வகையில் கூடுகிறது. ஏழெட்டு முறை தோலுரித்தால்தான் பெரியவராக முடியும். தோலுரிக்கும் முன் சாப்பாட்டைத் தொடாது. மேல்வலையைப் பின்னங்கால்களால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, பழைய சட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். உடம்பைப் போல மூன்று மடங்கு உயரமாவது அடியில் இடம் இருக்க வேண்டும். கீழே இடித்தாலோ, பிடி தவறி விழுந்தாலோ உடம்பு கோணிப்போகும். அந்த நேரத்தில் ஜாடியைத் தொடவே கூடாது, ஈயும் உள்ளே இருக்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு கால் போய்விட்டால்கூட அடுத்தடுத்த தோலுரிப்புகளில் குட்டியாக முளைத்து வளர்ந்துவிடுகிறது என்பது எனக்கு இன்னும் அடங்காத ஆச்சரியம்.

கீழ் வீட்டுப் பையன் தினமும் வருவான். "அத்தை, நான் எங்க நின்னாலும் அது என்னையே முறைக்குது" என்பான். முறைக்கத்தான் இல்லை. அதன் கண்ணில் நாம் பார்க்கும் கறுப்புப் புள்ளி உண்மையான கருவிழி கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு கண்ணறைகளில் எவை நம்மை நேராகப் பார்க்கின்றனவோ அவை ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகின்றன. நாம் நகர்ந்தால் புள்ளியும் நகரும். பையனிடம் இதை விளக்கினேன். "அப்ப அது என்னைப் பாக்குதுதானே?" என்றான். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தை அளக்கத் தெரிந்த பூச்சி இது. இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீடின் குழுவினர், தேன்மெழுகால் கும்பிடுபூச்சியின் முகத்தில் குட்டிக் குட்டி 3டி கண்ணாடிகளை ஒட்டி, திரையில் படம் காட்டினார்கள். திரைக்கு முன்னால் மிதப்பதாகத் தோன்றிய பொய்ப் பூச்சியைப் பிடிக்கக் கையை வீசியது அது. 2016இல் இந்த ஆய்வு வெளிவந்தது. கண்ணாடி போட்ட அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், சிரிப்பு அடங்காது. காதும் விசேஷம். கும்பிடுபூச்சிக்குக் காது கேட்காது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1986இல் டேவிட் யேகரும் ரொனால்ட் ஹோயும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஒரே ஒரு காது, மார்பின் அடியில், பின்னங்கால்களுக்கு நடுவில்! நாம் பேசுவது அதற்குத் தேவையில்லை. இரவில் பறக்கும்போது வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலி கேட்டால் போதும், குட்டிக்கரணம் அடித்துத் தப்பிவிடும்.

இந்த வருஷம் என் ஆசை வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட முட்புதர்க் காடுகளில் கோங்கைலஸ் என்று ஒரு கும்பிடுபூச்சி இருக்கிறது. உடம்பு காய்ந்த குச்சி, கால்களில் காய்ந்த இலைத் துணுக்குகள், கழுத்து நீண்டு வயலின் பிடி போல ஒல்லி. ஆங்கிலத்தில் பெயரே வயலினை வைத்துத்தான். கூடு சின்னது, முப்பது நாற்பது குஞ்சுதான் வரும். சூடும் வறட்சியும் அதற்கு உயிர். எல்லாவற்றையும்விட, இரை தாராளமாக இருந்தால் ஒன்றையொன்று தின்னாமல் கூட்டமாகவே இருக்கக்கூடியது. ஒரே கூண்டில் ஒரு குடும்பமே வளர்க்கலாம்! பங்குனி வெயில் ஏறுவதற்குள் ஊருக்கு வெளியே தெரிந்தவர்களின் தரிசு நிலத்து முள்வேலிகளில் தேடிப் பார்ப்பதாக இருக்கிறேன். மாமியாரிடம் சொன்னேன். பாம்பு கெடக்கும், தடிக்குச்சி எடுத்துட்டுப் போ என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, "கெடச்சா நேரா வீட்டுக்குக் கொண்டுட்டு வா. அது பொரியிறப்ப ராத்திரின்னாலும் என்னைய எழுப்பி விட்டுரணும், ஆமா" என்றார்.